மூன்றாவது பர்னர்

திருப்புளி நான்காவது முறையும் வழுக்கியது. மூத்தவளின் விரல் முட்டி தகரத்தின் விளிம்பில் போய் இடித்து, தோல் உரிந்து, ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் விரலை வாயில் வைத்துக்கொள்ளவில்லை. சட்டை ஓரத்தில் ஒரு துடை துடைத்துவிட்டு, திருப்புளியை மறுபடியும் அந்த ஸ்க்ரூவின் தலையில் ஊன்றினாள்.

மதியம் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அம்மா விடிகாலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். தீக்காயத்தோடு ஆறு நாள் கிடந்து, ஏழாம் நாள் வெளிச்சம் வருவதற்குள் முடிந்துவிட்டது. காகிதங்களில் கையெழுத்தெல்லாம் வாங்கி, உடம்பு வீட்டுக்கு வர நான்கு மணி ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பின்பக்கம், துணி காயப்போடும் சிமெண்டுத் தரையில், அம்மாவின் கேஸ் கிரில் நின்றது. அதன் முன்னால் மூத்தவள் மண்டியிட்டிருந்தாள்.

கிரிலை அங்கே தள்ளிக்கொண்டு வந்து விட்டவர் சித்தப்பா. "வர்றவங்க கண்ணுல படவேண்டாம். சாயங்காலம் பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிடுவான், சொல்லிட்டேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் மூத்தவளுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. இரும்புக்காரன் வருவதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்.

முன்னறையிலிருந்து பெரியம்மாவின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. யார் புதிதாக வந்து உட்கார்ந்தாலும் பெரியம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மூடியைத் திறக்காம பத்த வச்சிருக்கா. அவ்வளவுதான். உள்ள கேஸ் நெறஞ்சு நின்னிருக்கு, பக்குன்னு பிடிச்சிடுச்சு. இருபது வருஷமா அதே அடுப்புல நின்னவ. அவசரம்! எப்பவும் ஒரு அவசரம் அவளுக்கு. சின்ன வயசுலயே கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு ஓடுவா..."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். "ஒரு நிமிஷம் கவனம் தப்பினா போதும்" என்றது ஓர் ஆண் குரல்.

மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அம்மாவா மூடியைத் திறக்க மறப்பவள்? தெருவில் அம்மாவுக்குப் பெயரே கிரில் அக்கா. வீட்டின் முன்பக்கத்தைக் கடையாக்கி, மாலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் கோழியும் சோளமுமாக ஒன்பது வரை கை ஓயாது. பற்ற வைப்பதற்கென்று அவளிடம் ஒரு முறை இருந்தது. மூடியை முழுசாகப் பின்னால் சாய்ப்பாள். சிலிண்டரைத் திறப்பாள். ஓரடி தள்ளி நிற்பாள். "எல்லாரும் தள்ளிக்கோங்க. என் அழகு போனா போகட்டும், உங்க அழகுக்கு நான் பொறுப்பு இல்ல" என்று காத்திருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டிக் குமிழைத் திருப்புவாள். பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வாசகம். அதைச் சொல்லாமல் அம்மா அடுப்பு பற்ற வைத்த ஒரு நாள்கூட மூத்தவளின் நினைவில் இல்லை.

காலையில் அவள் பக்கத்துக் கடை சலூன்காரரை நேராகவே கேட்டுவிட்டாள். அன்று ஈரத் துண்டோடு முதலில் ஓடி வந்தவர் அவர்தான். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் வந்தப்போ மூடி திறந்துதாம்மா இருந்துச்சு. தெறிச்சுத் திறந்திருக்கலாம், எனக்கென்ன தெரியும். ஆனா நெருப்பு மேலேருந்து வரல. குமிழ் இருக்கிற பலகைக்கு அடியிலேருந்து வந்துச்சு. அது மட்டும் கண்ணுலயே நிக்குது. அப்பாவே மூடிதான்னு சொல்றப்போ நான் குறுக்க என்னத்தைச் சொல்றது?"

பலகைக்கு அடியில் என்றால் மூன்றாவது பர்னர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். கிரிலுக்கு நான்கு பர்னர்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்றாவது குழாயின் வாய்ப்பக்கம் துரு தின்று, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓட்டை. வேலைக்குத் திரும்பியதும் கடை கடையாக ஏறி இறங்கி, அதே அளவில் புதுக் குழாய் ஒன்று வாங்கி, அடுத்த வாரமே பஸ் ஏறிக் கொண்டுவந்து கொடுத்தாள். நானே மாட்டிவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னாள். அப்பா சிரித்தார்.

"மூக்குக் கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடுற கை இது. கொசுவுக்குக் காது குத்துற வேலை. இரும்புல எல்லாம் கை வைக்காத பாப்பா. ஃபிட்டர் வீட்டுல நின்னுக்கிட்டு ஃபிட்டருக்கு வேலை சொல்லித் தர்றியா?"

மூத்தவள் கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடமாக ஃபிரேம் பழுது பார்ப்பவள். அப்பா இயந்திரப் பட்டறையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு ஃபிட்டர் என்பதுதான் பெயர். அந்தப் பெயரை அவர் சட்டைபோலப் போட்டுக்கொண்டு நடப்பார். ஊர்போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து அவள் ஃபோனில் கேட்டாள். "மாத்தியாச்சு, மாத்தியாச்சு. உங்கப்பா மாத்திட்டாரு. நீ சாப்பிட்டியா?" என்றாள் அம்மா. அத்தோடு அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அடியில் படுத்துப் பார்க்க வழியில்லை. தீயில் முன்பலகை வளைந்து, குழாய்களின் வாயை மறைத்துக்கொண்டிருந்தது. குழாயை உருவி எடுத்தால்தான் தெரியும். உருவ வேண்டுமானால் அதன் பின்முனையைப் பெட்டியோடு பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களும் வெளியே வர வேண்டும். மற்ற மூன்று பர்னர்களின் ஸ்க்ரூக்களும் துருப்பிடித்திருந்தாலும் தலையில் கூட்டல் குறி அப்படியே இருந்தது. மூன்றாவதில் மட்டும் இரண்டுக்கும் தலை போயிருந்தது. கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு குழி.

"அக்கா."

தம்பி கதவருகே நின்றான். ஆறு நாளாகச் சவரம் செய்யாத முகம். உடம்பை எடுத்து வர அவன்தான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"உனக்கென்ன பைத்தியமா? உள்ள ஆள் வந்துட்டே இருக்கு. பெரியம்மா உன்னை எங்கன்னு கேட்டுக் கேட்டு என் உசிரை எடுக்கிறாங்க."

"இதை எடுத்துட்டு வர்றேன்."

"எடுத்து?"

"அம்மா மூடியைத் திறந்தாங்களா இல்லையான்னு தெரியணும்."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எழுந்தா வரப்போறாங்க?"

"வரமாட்டாங்கல்ல. அதனாலதான்டா. அவங்க வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுங்கிற தைரியத்துலதானே ஆளாளுக்குப் பேசுறாங்க."

தம்பி கிரிலைப் பார்த்தான். பிறகு அவள் விரலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, "பிளாஸ்டர் போட்டுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணாடிக் கடைக்குத் தலை போன ஸ்க்ரூ தினமும் வரும். வியர்வை உப்பில் இறுகிப்போன கீல்கள், வீட்டில் கத்தி முனையால் நோண்டிக் கெடுத்துக்கொண்டு வருபவர்கள். அதற்கெல்லாம் அவசரமே ஆகாது என்பது மூத்தவளுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்குக் கை அவள் சொன்னதைக் கேட்கவில்லை. கோபம் தோளிலிருந்து நேராக மணிக்கட்டுக்கு இறங்கி, அழுத்த வேண்டிய இடத்தில் திருப்பியது. அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் உட்கார்ந்தாள்.

பிறகு துரு இளக்கும் எண்ணெயை இரண்டு ஸ்க்ரூக்களின் கழுத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். காத்திருந்தாள். திருப்புளியின் முனையைக் குழியில் நிறுத்தி, அதன் பின்பக்கத்தில் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டினாள். மறுபடி எண்ணெய். மறுபடி காத்திருப்பு. பாத்திரம் கழுவும் ரப்பர் உறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி, குழியின் மேல் வைத்து, அதன் மேல் திருப்புளியை உடம்பு பாரம் முழுக்க அழுத்தினாள். ரப்பர் குழிக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொண்டது. முதலில் இறுக்குகிற பக்கம் மயிரிழை அளவு. பிறகு தளர்த்துகிற பக்கம். ஸ்க்ரூ ஒரு முனகலோடு அசைந்தது. இரண்டு சுற்று, மூன்று சுற்று. முதல் ஸ்க்ரூ அவள் உள்ளங்கையில் விழுந்தது.

இரண்டாவது மசியவில்லை. ரப்பர் கிழிந்துதான் போனது. இன்னும் நன்றாகப் பார்க்க டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையைப் பெட்டிக்குள் நுழைத்தாள். அப்போதுதான் அந்தக் கீறல்களைக் கவனித்தாள்.

ஸ்க்ரூவைச் சுற்றிலும் தகரம் முழுக்கக் கீறல்கள். ஒன்று இரண்டல்ல, ஐம்பது அறுபது இருக்கும். கோழி குப்பையைக் கிளறிய மாதிரி. எல்லாம் திருப்புளி வழுக்கி ஓடிய தடங்கள். சில நீளமாக, சில வெறும் புள்ளிகளாக. மேலே படிந்த எண்ணெய்ப் பிசுக்கை விரலால் துடைத்தால் அடியில் தகரம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. இருபது வருடப் பழசு இல்லை இது. சில மாதம்தான் இருக்கும்.

அப்பாவைத் தவிர இந்தக் கிரிலில் யாரும் திருப்புளி வைத்ததில்லை. வைக்க விட்டதில்லை. ஆனால் இது அப்பாவின் கையா? பட்டறையில் அவர் கழற்றிய இயந்திரத்தில் நகம் பட்ட தடம்கூட இருக்காது என்று ஊரெல்லாம் சொல்லும். குடித்துவிட்டு வந்தவன்கூட இப்படிக் கீற மாட்டான்.

"பாப்பா, உள்ள வா. எல்லாரும் கேக்கிறாங்க."

அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார். கைகளைப் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறார். ஓய்வு பெற்றவர்களுக்கு வருகிற தோரணை என்று அவள் நினைத்திருந்தாள்.

"நான் வாங்கிட்டு வந்த ட்யூப் எங்க இருக்கு?" அவள் எழுந்திருக்கவில்லை.

அப்பாவின் பார்வை கழற்றி வைத்திருந்த ஸ்க்ரூவில் போய் நின்றது.

"மாத்தினீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இதையெல்லாம் இப்பவா பேசுறது?"

"வேற எப்போ? இரும்புக்காரன் தூக்கிட்டுப் போன பிறகா?"

அவர் பார்வையைத் துணிக்கொடியின் பக்கம் திருப்பினார். அங்கே அம்மாவின் சமையல் துண்டு ஒன்று ஆறு நாளாக எடுக்காமல் தொங்கியது.

"இங்க பாருங்க" என்றாள் மூத்தவள். "இதைப் பாருங்கப்பா. இப்படி ஒருத்தன் பட்டறையில கீறி வச்சிருந்தா அவனை என்ன பண்ணியிருப்பீங்க? செவுட்டுல விட்டிருப்பீங்க. ரெண்டு ஸ்க்ரூ! ரெண்டு ஸ்க்ரூ வரலைன்னு அப்படியே விட்டுட்டீங்களா? அடுத்த தெருவுல கேஸ் மெக்கானிக் இருக்கான். எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா நான் வந்திருப்பேன். கொசுவுக்குக் காது குத்துற கைதான், ஆனா வந்திருக்கும்ல?"

"வரல பாப்பா."

"ஏன் வரல? ஃபிட்டருக்கு ஏன் வரல?"

அவள் எழுந்து திருப்புளியை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். "எடுங்க. என் கண் முன்னால எடுங்க. எண்ணெய் விட்டு வச்சிருக்கேன். பார்க்கிறேன்."

அவள் நீட்டிய கையை இறக்கவில்லை. கடைசியில் அவர் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். வலது கையால் திருப்புளியை வாங்கிக்கொண்டு, மெதுவாகக் குனிந்து, முனையை ஸ்க்ரூவின் தலைக்குக் கொண்டுபோனார்.

முனை உட்காரவில்லை. தகரத்தில் பட்டுப் பட்டு டக்டக்டக்கென்று அடித்தது. அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சத்தம் இன்னும் அதிகமாயிற்று. அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து மூத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. ஊசியில் நூல் கோர்க்கிறவர் மாதிரி, உதட்டை மடித்துக் கண்ணைச் சுருக்கி, மொத்த ஆளும் அந்த ஒரு புள்ளியில் நின்றுகொண்டிருந்தார். முனை வழுக்கித் தகரத்தில் இன்னொரு கீறல் விழுந்தது.

"எப்போலேருந்து?" என்றாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும். மொதல்ல கட்டைவிரல் மட்டும்தான்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"காலையில என் சட்டைக்குப் பட்டன் போட்டு விடுறதே அவதான். தெரியாம எப்படி?"

"அப்போ ட்யூப் மாத்தலைங்கிறதும் தெரியும்."

அப்பா திருப்புளியைக் கிரிலின் விளிம்பில் வைத்தார். அது உருண்டு தரையில் விழுந்தது. அவர் எடுக்கப் போகவில்லை.

"நாலு நாள் முட்டி மோதினேன் பாப்பா. அவ பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னா. ஆளைக் கூப்பிடலாமான்னு ஒரே ஒரு தடவை கேட்டா. ஃபிட்டர் வீட்டுக்கு மெக்கானிக் வர்றான்னு தெரு பூரா சிரிக்கணுமான்னு கத்தினேன். கையில இருந்ததைத் தூக்கி எறிஞ்சேன். அதுக்கப்புறம் அவ கேக்கல. ஓட்டை மேல தகரம் சுத்திக் கட்டிட்டா போதும்னேன். எப்படிக் கட்டணும்னு நான் சொன்னேன். அவ கட்டினா."

"என்கிட்ட மாத்தியாச்சுன்னு சொன்னாங்க."

"அப்படிச் சொல்லச் சொல்லி நான் சொல்லல. அவளாத்தான் சொன்னா."

மூத்தவளுக்கு இப்போது யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ஃபோனில் நீ சாப்பிட்டியா என்று பேச்சை மாற்றிய குரல் காதில் அப்படியே இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வேறு யாருக்கோ ஆரம்பித்துவிட்டாள். மூடியைத் திறக்காம பத்த வச்சிருக்கா.

"அந்த மூடிக் கதை" என்றாள் மூத்தவள். "அதை மொதல்ல சொன்னது யாரு?"

அப்பா கைகளை மறுபடியும் பின்னால் கட்டிக்கொண்டார். அதிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில எழுதிக்க வந்த டாக்டர், எப்படி ஆச்சுன்னு கேட்டாரு. என் வாயில அதுதான் வந்துச்சு."

"அம்மா அப்போ நினைவோட இருந்தாங்களா?"

"இருந்தா."

"கேட்டுக்கிட்டு இருந்தாங்களா?"

"டாக்டர் அவகிட்டயும் கேட்டாரு. அப்படியாம்மா, மூடியைத் திறக்கலையான்னு. அவ என்னைப் பார்த்தா." அப்பா நிறுத்தினார். "ஆமான்னு தலையாட்டினா."

சுத்தியல் எப்போது கைக்கு வந்தது என்று மூத்தவளுக்குத் தெரியாது. கிரிலின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். இன்னொன்று. மூன்றாவது அடியில் குமிழ் ஒன்று பிய்ந்து சுவரோரம் ஓடியது. முன்னறையில் பேச்சு நின்றுபோயிற்று. பெரியம்மா கதவு வரைக்கும் ஓடி வந்து, "என்னடி இது, சாவு வீட்டுல பட்டறை நடத்துறீங்களா அப்பனும் மகளும்?" என்றாள்.

"உள்ள போங்க பெரியம்மா."

"ஏன்டி..."

"போங்கன்னா போங்க!"

அவள் முகத்தைப் பார்த்துப் பெரியம்மா போய்விட்டாள்.

"ஆறு நாள்" என்றாள் மூத்தவள், மூச்சு வாங்க. "ஆறு நாள்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்னு தோணலையா? நான் ராத்திரி பகலா அங்கதானே உக்காந்திருந்தேன்? அவங்க தலையாட்டினாங்க, நீங்க அதை எடுத்துச் சட்டைப்பையில போட்டுக்கிட்டீங்க. அவங்க உங்களுக்குப் பட்டன் போட்டு விட்டாங்க, தகரம் கட்டி விட்டாங்க, பொய் சொல்லி விட்டாங்க, கடைசியில பழியையும் ஏத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஃபிட்டர்னு ஒரு பேரு. அந்தப் பேருக்கு எவ்வளவுதான் தீனி போடுறது?"

அப்பா எதையும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளால் இன்னும் கொஞ்சம் கத்தியிருக்க முடியும்.

அவள் கீழே கிடந்த திருப்புளியை எடுத்தாள். "தள்ளுங்க" என்றாள்.

அப்பாவின் கருவிப்பெட்டியில் உடைந்த ரம்பத் தகடு ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஸ்க்ரூவின் வழுக்கைத் தலையில் குறுக்காக அறுக்கத் தொடங்கினாள். ஒரு தடவைக்கு அரை விரல் நீளம்தான் தகட்டை ஓட்ட முடிந்தது. இரும்புத்தூள் வியர்வையோடு கையில் ஒட்டியது. இப்போது கை நடுக்கமில்லாமல், அவள் சொன்னதை மட்டும் செய்தது. கோபம் போய்விடவில்லை. அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு, கையை விட்டுவிட்டது. தலையில் நேராக ஒரு பள்ளம் விழுந்ததும், தட்டை முனைத் திருப்புளியை அதில் நிறுத்தி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்துகிற பக்கம்.

ஸ்க்ரூ கதறிக்கொண்டு வந்தது. அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓரடி முன்னால் வந்தார்.

குழாயை ஆட்டி ஆட்டிப் பின்னால் இழுத்தாள். வளைந்த பலகையிலிருந்து அதன் வாய் விடுபட்டு வந்தது. எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகரத் துண்டு ஒன்று ஓட்டையின் மேல் சுற்றியிருந்தது. கம்பியால் நான்கு சுற்று. முறுக்கிய கம்பியின் நுனி வெளியே நீட்டிக் கையைக் குத்தாதபடி உள்பக்கமாக மடக்கி விடப்பட்டிருந்தது. அம்மா எந்தப் பையை, எந்தப் பொட்டலத்தைக் கட்டினாலும் நுனியை அப்படித்தான் மடக்குவாள். தகரத்தின் ஒரு பக்கம் சூட்டில் சுருண்டு வாயைத் திறந்திருந்தது. அதைச் சுற்றிக் கரி.

அப்பா குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருந்தா" என்றார்.

"பேசாதீங்க" என்றாள் மூத்தவள். "தயவு செஞ்சு நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

அவள் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். முன்னறைக்குள் போய் நடுவில் அதைப் போட்டு, எல்லார் முகத்திலும் அறைந்த மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வந்த வேகம், வாசற்படி வரைக்கும் இருந்தது. உள்ளே முப்பது நாற்காலிகளிலும் ஆட்கள். எல்லோரும் அவள் கையிலிருந்த துருப்பிடித்த குழாயைப் பார்த்தார்கள். அது என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சித்தப்பா, "அதை எதுக்கும்மா இங்க கொண்டாந்தே?" என்றார். அப்போது தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி நான்குகூட ஆகவில்லை.

எல்லோரும் எழுந்தார்கள். வண்டியின் பின்கதவு திறந்தது. தம்பி முதலில் குதித்தான். வெள்ளைத் துணி போர்த்திய ஸ்ட்ரெச்சரைப் பாதி வெளியே இழுத்தார்கள். பெரியம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அதன் மேல் விழுந்தாள்.

"அடியே, அந்த மூடியை ஒரு நிமிஷம் திறந்திருக்கக் கூடாதா? என்ன அவசரம்டி உனக்கு? மூடியைத் திறக்க மறந்துட்டியேடி..."

மூத்தவள் வாயைத் திறந்தாள். ஆனால் குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"திறந்துதான் வச்சிருந்தா."

பெரியம்மா நிமிர்ந்தாள்.

"மூடி திறந்துதான் இருந்துச்சு" என்றார் அப்பா. தெருவில் எதிர்வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி, பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில் சொன்னார். "அவ மேல ஒரு தப்பும் இல்ல. ட்யூப்ல ஓட்டை. மாத்தச் சொல்லி மக புதுசு வாங்கிக் குடுத்தா. நான் மாத்தல. என்னால ஸ்க்ரூவைக் கழட்ட முடியல. முடியலைன்னு சொல்லவும் முடியல. மூடின்னு பொய் சொன்னது நான்தான்."

சலூன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தப்பா வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார். "அண்ணே, அதிர்ச்சியில என்னென்னமோ பேசாதீங்க. வாங்க, உள்ள வந்து உக்காருங்க."

அப்பா தோளை உதறிவிட்டு வண்டியருகே போனார். ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டுப் பிடியை இரண்டு கையாலும் பற்றினார். பிடி கடகடவென்று ஆடத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு, சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள்.

"என்கிட்ட மாத்திட்டேன்னு சொன்னீங்க" என்றான் தம்பி. அவன் குரல் உடைந்தது. "அக்கா ட்யூப் வாங்கிக் குடுத்த வாரமே நான் கேட்டேன்ல? என் முகத்தைப் பார்த்துச் சொன்னீங்கல்ல? கையை எடுங்கப்பா. நீங்க பிடிக்க வேண்டாம்."

அப்பா கையை எடுக்கவில்லை. எடுக்கவும் மனமில்லாமல், பிடிக்கவும் முடியாமல் நின்றார்.

"விடுடா" என்றாள் மூத்தவள். "பிடிக்கட்டும்."

அவள் குரலில் இரக்கம் என்று எதுவும் இல்லை. குழாயைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தலைமாட்டுப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டாள். தம்பி முகத்தைப் புறங்கையால் துடைத்தான். பிறகு பக்கவாட்டில் கை கொடுத்தான். சலூன்காரர் மறுபக்கம் வந்தார். நான்கு பேருமாகத் தூக்கினார்கள்.

கதவு குறுகல். ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டியிருந்தது. "மெதுவா, மெதுவா" என்றார் யாரோ. சாய்த்தபோது போர்த்தியிருந்த துணி ஒரு பக்கமாகச் சரிந்து, கட்டுப்போட்ட தோள் தெரிந்தது. மூத்தவள் ஒரு கையால் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, மறுகையால் துணியை இழுத்து, கழுத்து வரைக்கும் மூடினாள்.

கையை எடுத்தபோதுதான் பார்த்தாள். வெள்ளைத் துணியில் துருவும் எண்ணெயுமாக அவள் விரல்கள் நான்கும் பதிந்திருந்தன. பெரியம்மா தன் முந்தானையால் துடைக்க வந்தாள். மூத்தவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பாரத்தை மறுபடியும் இரண்டு கைக்கும் மாற்றிக்கொண்டு, நாற்காலிகளை நகர்த்தச் சொன்னாள்.